புத்தளக் காட்டில் மான் வேட்டை

இலங்கையின் பௌத்த சமய வரலாறு ஒரு மான் வேட்டையோடு தொடங்குகின்றது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசன் என்னும் அரசன், மிசக மலை என அந்நாளில் வழங்கிய மிகிந்தலைக்குப் பரிவாரத்தோடு வேட்டையாடச் சென்றான் என்று மகாவம்சம் கூறும். அங்கே மரையொன்று புதரில் மேய்ந்துகொண்டு நின்றது. அரசன் அதனைக் கண்டான். ஆயினும் உடனே அம்பு தொடுத்தானல்லன். ஆபத்தை அறியாது நிற்கும் விலங்கை எய்தல் முறையன்று எனக் கருதி, வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்பினான். மரை ஓடிற்று, அரசன் பின்தொடர்ந்தான், தொடர்ந்து சென்ற இடத்தில் மகிந்த தேரரைக் கண்டான்.

கதையின் பிற்பகுதியை யாவரும் அறிவர். முற்பகுதியில் எழுந்த அந்த நாணொலியோ எளிதில் மறக்கப்படுகின்றது. வேட்டைக்கும் ஒரு முறை உண்டு என்ற எண்ணம் இந்நாட்டில் எத்துணைப் பழமையானது என்பதற்கு அதுவே சான்று. காடு யாருடையது? அதில் திரியும் மான் யாருடையது? யார், எப்போது, எவ்வாறு வேட்டையாடலாம்? இக்கேள்விகளுக்கு அரசர்களும், அவர்களுக்குப் பின் வந்த ஆட்சியாளரும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கூறினர். அவ்விடைகள் மாறிய வரலாற்றைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று புத்தளக் கரையோரம்.

புத்தளம் வாவிக்கு வடக்கே, கலா ஓயாவிலிருந்து மோதரகம் ஆறு வரை பரந்து கிடப்பது வில்பத்துக் காடு. இதன் மேற்கெல்லை கடல். வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் தை வரை மழையைத் தரும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நிலம் காய்ந்து வெடிக்கும். இக்காட்டின் தனிச்சிறப்பு அதன் வில்லுகள். வில்லு என்பது மணற்பாங்கான நிலத்தில் இயற்கையாக அமைந்த ஆழமற்ற பள்ளம். மழைநீர் அதில் தேங்கி நிற்கும். சில வில்லுகளின் நீர் உவர்ப்பாகவும் சிலவற்றின் நீர் நன்னீராகவும் இருத்தல் வியப்புக்குரியது. கோடையில் நீர் சுருங்கச் சுருங்க, கரையில் பசும்புல் தலைகாட்டும். அப்புல்லை நாடிப் புள்ளிமான்கள் கூட்டங்கூட்டமாக வெளியே வரும். பாலையும் வீரையும் பழுக்கும் காலத்தில் மந்திகள் உதிர்க்கும் பழங்களையும் தளிர்களையும் உண்ண அவை மரத்தடிகளிலும் கூடும்.

இக்கரையில் மனிதர் வாழ்ந்த தடங்களும் மிகப் பழையன. பொன்பரப்பியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிப் புதையல்கள் இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஒப்பிட்டு அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 1344 ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி கரையிறங்கிய பட்டாலா என்ற துறை புத்தளமே என்பர். ஆரியச் சக்கரவர்த்தியை அவர் அங்கே கண்டார். பின்னர் சிலாபம் வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் சென்றார்.

மானினத்தை நுட்பமாகப் பகுத்தறிந்தவர் தமிழர். ஆணைக் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் வழங்கும் மரபு தொல்காப்பிய மரபியலிலேயே இடம்பெற்றுள்ளது. ஈழத்துத் தமிழில் புள்ளிமானையும் மரையையும் எவரும் மயங்கக் கூறார். புள்ளிமான் பகலில் கூட்டமாகத் திரிவது. மரை உருவிற் பெரியது. நிறம் கருமை கலந்த கபிலம். பெரும்பாலும் இரவிலேயே வெளிவரும். இவற்றையன்றிக் கேளையாடும் சருகுமானும் இக்காடுகளில் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபதாண்டு சிறையிருந்து, 1679 ஆம் ஆண்டில் மல்வத்து ஓயாவின் வழியே அரிப்புக்குத் தப்பிச் சென்ற இராபர்ட் நொக்ஸ், எருமையளவு பெரிய மானும் முயலளவு சிறிய மானும் இந்நாட்டில் இருப்பதை வியந்து எழுதினார். அவர் குறித்தவை மரையும் சருகுமானுமே ஆகும்.

அந்நாட்களில் வேட்டைக்குத் தடையே இல்லாதிருந்தது என எண்ணுதல் பொருந்தாது. ஆமண்டகாமணி என்ற அரசன் நாடு முழுவதிலும் உயிர்க்கொலையைத் தடுத்து ஆணையிட்டான் என மகாவம்சம் கூறும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்க மல்லன், அநுராதபுரத்தைச் சூழ்ந்த ஏழு காவத எல்லைக்குள் விலங்குகளுக்கு அபயம் அளித்ததைக் கல்வெட்டிற் பொறித்தான். எனினும் இவை அறம் கருதி அரசர் அளித்த அபயங்கள். காட்டோரத்துக் குடியானவன் தன் சேனைப் பயிரை மேய வந்த மானை வீழ்த்துவதும், கோடையில் வில்லுக் கரையிற் பரண் கட்டிக் காத்திருப்பதும் வழக்கமாகவே நடந்து வந்தன. காடு ஊருக்குப் பொது. அதனை அளந்து வேலியிட்டவர் எவருமிலர்.

இந்நிலை 1840 ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் உழப்படாமலும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியதே எனக் கொள்ளப்படும் என்று விதித்தது. மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடியதே இச்சட்டத்தின் முதல் நோக்கம். ஆனால் அதன் கை புத்தளக் காடு வரை நீண்டது. நேற்று வரை ஊர்க் காடாக இருந்தது இன்று முடிக்குரிய காணி ஆயிற்று. வடமேல் மாகாணம் 1845 இல் வகுக்கப்பட்டபோது அதன் தலைநகராகப் புத்தளமே அமைந்தது. 1856 இல் அப்பதவி குருநாகலுக்குச் சென்றது. அதன் பின்னரும் புத்தளக் கச்சேரியில் உதவி அரசாங்க அதிபர் இருந்து காட்டையும் உப்பளங்களையும் கண்காணித்தார்.

காட்டை முடியின் உடைமையாக்கும் எண்ணம் ஆங்கிலேயருக்குப் புதியதன்று. 1066 இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன், பரந்த நிலப்பகுதிகளை அரசனின் வேட்டைக் காடுகளாக ஒதுக்கினான். அங்கே மானைக் கொன்ற குடிமகன் கடுந்தண்டனைக்கு ஆளானான். அக்கொடுமை பொறாது மக்கள் முறையிட்டதன் பயனாக 1217 இல் வனச் சாசனம் பிறந்தது. விறகு பொறுக்கவும் கால்நடை மேய்க்கவும் பொதுமக்களுக்கு உள்ள உரிமை அதில் ஏற்கப்பட்டது. இங்கிலாந்துக் குடியானவன் போராடிப் பெற்ற உரிமையைப் புத்தளத்துக் குடியானவன், தான் இழந்தது இன்னதென்று அறியாமலே இழந்தான் எனலாம்.

சட்டம் வந்தவுடன் வேட்டை குறைந்துவிடவில்லை, பெருகிற்று. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று துவக்கு. வில்லும் கண்ணியும் இருந்த கைகளில் இடியன் துவக்கு ஏறியது. மற்றொன்று வாணிகம். மான் தோலுக்கும் கொம்புக்கும் கடல் கடந்த சந்தை இருந்தது. கொம்பைக் கத்திப் பிடிகளுக்கும் குடைப் பிடிகளுக்கும் பிற நாட்டார் விரும்பி வாங்கினர். உப்பிட்டு வெயிலில் உலர்த்திய வத்தல் இறைச்சி உள்நாட்டிலேயே விலைபோயிற்று. ஒரு குடும்பத்தின் அடுக்களைக்காக மானைக் கொல்பவனுக்கு அடுக்களையே எல்லை வகுக்கும். சந்தைக்காகக் கொல்பவனுக்கு அத்தகைய எல்லை இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் தைவான் தீவிலிருந்து யப்பானுக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் மான் தோல்களை ஏற்றுமதி செய்து, சில பத்தாண்டுகளுக்குள் அத்தீவின் மான் கூட்டங்களை அருகச் செய்தனர். இலங்கையிலும் அதே கதை நிகழக்கூடும் என்ற அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது.

இதன் விளைவாக 1872 இலும், 1891 இலும், 1909 இலும் வேட்டை விலங்குகளைக் காக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேட்டைக்குத் தடைக்காலம் குறிக்கப்பட்டது. அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1894 இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவருள் பெரும்பாலோர் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியருமே ஆவர். மானைக் காக்க வேண்டும் என்று முதலிற் குரல் எழுப்பியவர்கள் மானைச் சுடுபவர்களே என்பது முரண்போலத் தோன்றும். ஆயினும் உண்மை அதுவே. அடுத்த ஆண்டும் சுட மான் வேண்டுமாயின் இந்த ஆண்டு சில மான்களை விட்டுவைக்க வேண்டும் என்பதை அவர்கள் கண்டனர். இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் வழங்குவது அச்சங்கமே. 1905 இல் வில்பத்து சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

இக்காலத்தில், முடிக்குரிய காட்டில் மான் வேட்டையாடப் புதிதாக முற்பட்ட ஒருவன் செய்ய வேண்டியவை எவை என்று நோக்குதல் பயனுடையது. அவன் முதலிற் செல்ல வேண்டிய இடம் காடன்று, கச்சேரி. துவக்கு வைத்திருக்க ஒரு பத்திரமும், மானைச் சுட வேறொரு பத்திரமும் அவனுக்குத் தேவைப்பட்டன. அடுத்து, எந்த நிலம் திறந்தது, எது சரணாலயம், எது தனியார் காணி என்ற எல்லையறிவு வேண்டும். வேலியற்ற காட்டில் எல்லையாவது ஓர் ஆறு, ஒரு பழைய வண்டிப்பாதை, அல்லது வெட்டித் திறந்த ஒரு கோடு. தெரியாமற் கடந்தேன் என்பது நீதிமன்றில் ஏற்கப்படும் விடையன்று.

மூன்றாவதாக அவனுக்கு வேண்டியவர் ஓர் ஆசான். அவ்வாசான் எழுவன்குளம் போன்ற காட்டோரச் சிற்றூர்களில் வாழ்ந்த தடம் காண்போன். துரை கையில் விலையுயர்ந்த துவக்கு இருக்கலாம். ஆனால் மணலிற் பதிந்த குளம்பு கலையினதா பிணையினதா, இன்று பதிந்ததா நேற்றுப் பதிந்ததா என்று கூறுபவன் அக்கிராமத்தானே. தடத்தின் ஓரம் கூராக இருந்தால் புதியது. காற்று அதனை மழுக்கியிருந்தால் பழையது. அதன்மேல் பூச்சி ஊர்ந்த கோடு குறுக்கிட்டால் விலங்கு இரவே கடந்துவிட்டது. காற்று வீசும் திசையை நுண்மணலை உதிர்த்து அறிய வேண்டும். காற்றுக்கு எதிராகவே நடக்க வேண்டும். மானின் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற இயலாது. மந்தியின் எச்சரிக்கைக் குரல் எழுந்தால் அருகிற் சிறுத்தை உண்டு. அன்று மான் கூட்டம் வெளிவரத் தயங்கும்.

நான்காவது பாடமே கடினமானது. அது சுடாதிருத்தல். பிணையோடு மறி நிற்கக் கண்டால் துவக்கைத் தாழ்த்த வேண்டும். புள்ளிமான் பிணை ஏறத்தாழ ஏழரை மாதம் கருச்சுமந்து வழக்கமாக ஒரு மறியையே ஈனும். அப்பிணையைச் சுடுபவன் வருங்கால மந்தையையும் சேர்த்துச் சுடுகின்றான். தூரம் மிகுந்தாலும், மறைவில் உடல் முழுதும் தெரியாவிட்டாலும் சுடலாகாது. காயப்பட்ட மான் ஓடுமாயின், இருள் கவிந்தாலும் முள் குத்தினாலும் குருதித் தடத்தைப் பின்தொடர்ந்து அதன் வேதனையை முடித்து வைத்தல் வேட்டைக்காரன் கடன். தேவநம்பிய தீசன் நாணைத் தெறித்த செய்கையும் இக்கட்டுப்பாட்டின் வேறு வடிவமே. 1907 இல் ஹரி ஸ்டோரி என்பவர் இலங்கை வேட்டை பற்றி ஒரு விரிவான நூலே வெளியிட்டார்; இக்கலை ஒழுங்கானதொரு பயிற்சியாக அந்நாளில் மதிக்கப்பட்டமைக்கு அஃதொரு சான்று.

இங்கே கதைக்கு வேறொரு பக்கமும் உண்டு. மேற்கூறிய தடம் காண்போன் துரையோடு செல்லும்போது வழிகாட்டி. அதே காட்டில் தனியே செல்லும்போது குற்றவாளி. பத்திரக் கட்டணம் துரைக்குச் சிறுதொகை. சேனை வெட்டிப் பிழைப்பவனுக்கு அது பெருந்தொகை. கச்சேரி அவனுக்கு ஒருநாள் நடை. தன் குரக்கனையும் சோளத்தையும் இரவில் மேய்ந்துபோகும் மான் யாருடையது என்று அவன் கேட்டால், அது முடிக்குரியது என்பதே விடை. அவ்வாறாயின் தின்ற பயிருக்கு முடி ஈடு தருமா என்று கேட்டால் விடை கிடையாது. பயிர்ப் பாதுகாப்புக்கெனத் துவக்கு அளிக்கப்பட்டதுண்டு. ஆனால் பயிரைக் காக்கச் சுட்டதா, சந்தைக்குச் சுட்டதா என்று பிரித்தறிதல் எந்த விதானையாருக்கும் எளிதாக இருக்கவில்லை. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ப், 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவலிற் சிலிந்து என்னும் ஏழை வேட்டைக்காரனைத் தலைமைப் பாத்திரமாக்கினார். காட்டை நன்கறிந்த அவன் சட்டத்தை அறியாமல் அழிகின்றான். அது தென் கரையின் கதை. எனினும் புத்தளக் காட்டோரத்துக்கும் அது பொருந்தும்.

துரையின் பொழுதுபோக்குக்கும் ஏழையின் பசிக்கும் இடையே உண்டான இவ்வழக்கை எந்தச் சட்டமும் முற்றாகத் தீர்த்துவிடவில்லை. ஆயினும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கேள்வியை வேறு வகையில் அணுகியது. எவருக்குச் சுடும் உரிமை என்று மட்டும் அது நோக்கவில்லை. எந்த நிலத்தில் விலங்கு எவராலும் தீண்டப்படாதிருக்க வேண்டும் என்பதையும் வரையறுத்தது. எவரும் நுழையலாகாத இயற்கை ஒதுக்கிடம், மக்கள் சென்று காணத்தக்க தேசிய வனம், பத்திரம் பெற்றோர் வேட்டையாடத்தக்க இடைநிலை வலயம் என அரச காடு வகுக்கப்பட்டது. 1938 இல் வில்பத்து தேசிய வனமாயிற்று. அதே 1937 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துவக்கு, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது குறிப்பிடத்தக்கது. அந்நாட்டில் பொதுநிலத்தில் மான் வேட்டை இன்றும் சட்டப்படி நடைபெறுகின்றது. வேட்டைக்காரன் செலுத்தும் பணமே மானைப் பெருக்கவும் உதவுகின்றது. இலங்கை வேறு வழியிற் சென்றது.

அவ்வழிக்கு இட்டுச் சென்ற காரணங்களுள் இயந்திரமும் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப் வண்டியும் ஆற்றல் மிக்க மின்விளக்கும் காட்டுக்குள் புகுந்தன. ஒளி கண்ணிற் பட்ட மான் அசையாது நிற்கும் இயல்புடையது. தடமும் காற்றும் அறியாதவன்கூட வண்டியிலிருந்தவாறே அதனைச் சுட்டு வீழ்த்த முடிந்தது. நான்கு பாடங்களும் தேவையற்றுப் போயின. அவற்றோடு கட்டுப்பாடும் போயிற்று. 1949 இல் வனவிலங்குத் திணைக்களம் தனியே அமைந்தது. ஐம்பதுகளில் அதன் காவலராக விளங்கிய சி. டபிள்யூ. நிக்கலஸ் இலங்கையின் பண்டைய வரலாற்றை ஆராய்ந்த அறிஞருமாவார். 1964, 1970, 1993, 2009 ஆகிய ஆண்டுகளிற் சட்டம் திருத்தப்பட்டு, காவல் படிப்படியாக இறுகியது. 1972 இல் நாடு குடியரசானபோது முடிக்குரிய காணி அரச காணியாகப் பெயர் மாறிற்று. இன்று மானையோ மரையையோ பொழுதுபோக்குக்காக வேட்டையாட இலங்கையில் எவருக்கும் பத்திரம் வழங்கப்படுவதில்லை.

வில்பத்து இன்று ஏறத்தாழ 1,31,000 ஹெக்டேயர் பரப்புடைய வனம். உள்நாட்டுப் போரினால் பல்லாண்டுகள் மூடப்பட்டுக் கிடந்த அது, 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2013 இல் அதன் வில்லுகள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் ஏற்கப்பட்டன. ஒரு காலத்தில் துவக்கோடு காத்திருந்த கரைகளில் இன்று நிழற்படக் கருவியோடு மக்கள் காத்திருக்கின்றனர். தடம் காண்பவனின் பேரன் வண்டியிற் பயணிகளுக்கு வழிகாட்டி ஊதியம் பெறவும் கூடும். பழைய வழக்கு இவ்வாறு ஓரளவு தீர்வு கண்டது எனலாம்.

ஓரளவே தீர்ந்தது. கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் இன்னும் காட்டோரங்களில் மறைவாக வைக்கப்படுகின்றன. சுருக்கு எதிரில் வருவது கலையா பிணையா என்று பாராது. மானுக்கு விரித்த கம்பியிற் சிறுத்தை சிக்கி மாண்டதும் உண்டு. கட்டுத்துவக்கோ விறகுக்குச் செல்லும் மனிதனையும் விடாது. நாணொலி எழுப்பிய அரசன் தன் இரைக்கு ஓடுவதற்கு ஒரு கணம் அளித்தான். பத்திரம் பெற்ற பழைய வேட்டைக்காரன் பிணைக்கும் மறிக்கும் வழிவிட்டான். சுருக்கு வைப்பவனோ வைத்துவிட்டு வீடு திரும்பி உறங்குகின்றான். அவன் காட்டில் இல்லை. ஆதலால் அங்கே விடுவிக்கும் கையும் இல்லை.

பொதுநிலம் என்பது அனைவருக்கும் உரியது. அனைவருக்கும் உரியதை எவரும் எடுக்கலாம் என்று கருதிய காலத்திற் கூட்டங்கள் அருகின. ஒருவருக்கே உரியது என்று பூட்டிய காலத்தில் ஏழைகள் நொந்தனர். நாளை பிறப்பவரும் அந்த அனைவருள் அடங்குவர் என்ற தெளிவு இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்ற ஏறக்குறைய நூறாண்டு சென்றது. கோடை முற்றி வில்லுகள் வற்றும் காலத்தில் புத்தளக் காட்டில் இன்றும் மாலை வேளையிற் புள்ளிமான்கள் கரைக்கு இறங்குகின்றன. அவற்றுக்கு நீரும் புல்லும் மட்டும் போதா. அக்காட்டைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கும் அவை உயிரோடிருப்பதனால் பயன் உண்டு என்ற நிலை வேண்டும். அந்நிலை உறுதிப்படும் வரை, எந்தச் சட்டமும் பாதிக் காவலே.